அடாப்டிவ் சிங்க்: கூடுதல் காசு தகுமா?

கீழக்கரையிலும் மண்டபத்திலும் கேமிங் மானிட்டர் தேடும் தம்பிகளுக்கு என் பதில்: கிராபிக்ஸ் கார்டு சுமாரானது என்றால் தகும். கார்டு படம் தரும் வேகத்துக்கேற்ப மானிட்டரும் மாறிக்கொள்ளும் வசதிதான் அடாப்டிவ் சிங்க்.

அடாப்டிவ் சிங்க் இல்லாத 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 தடவை தன்பாட்டுக்குப் படத்தை மாற்றும். கார்டு விநாடிக்கு 47 ஃபிரேம்தான் (படம்தான்) தருகிறதா? கார் வளைவில் திரும்பும்போது விளக்குக் கம்பம் இரண்டாக வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கமாக நிற்கும். மானிட்டர் மாற்றும் நேரம்வரை கார்டைக் காக்கவைக்கும் வி-சிங்க் போட்டால் வெட்டு போய்விடும். ஆனால் ஆட்டம் திக்கும், பட்டனை அழுத்தியது தாமதமாகத் தெரியும்.

அடாப்டிவ் சிங்க் உள்ளது, ஃபிரேம் வரும்வரை காத்திருந்து மாற்றும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த வசதி குறிப்பிட்ட வேக வரம்புக்குள்தான் வேலை செய்யும். 48–75 ஹெர்ட்ஸ் வரம்புள்ள மலிவு மானிட்டரில் ஃபிரேம் 40க்கு இறங்கினால் வெட்டோ திக்கலோ திரும்பிவிடும். 48–144 என்றால் பெரும்பாலும் அதே ஃபிரேமை இருமுறை காட்டிச் சமாளிக்கும். அதனால் ராமநாதபுரம் கடையில் ஸ்டிக்கரை விட்டுவிட்டு வரம்பைக் கேளுங்கள்.

கார்டு நிறுவனமான என்விடியா, மானிட்டருக்குள் தனிச் சிப் வைத்து இதே வேலையைச் செய்யும் ஜி-சிங்க் 2013இல் அறிவிக்கப்பட்டது, விலை அதிகம். 2019 ஜனவரி முதல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும் சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டரோடும் ஓடுகின்றன. சிப்புக்குக் காசு வேண்டாம்.

எப்போதும் 60க்குக் குறையாத பழைய, லேசான கேம்தான் ஆடுவீர்களா? சரி, சாதாரண மானிட்டரே போதும். மிச்சக் காசில் யூபிஎஸ் வாங்குங்கள்.