கோழிக்கூண்டுக்கு சக்கரம் மாட்டி ஆறு மாசம் ஆச்சு, எப்படி இருக்கு?

எங்க வீட்டு புழக்கடையில இருக்கற கோழிக்கூண்டு ஆறடி நீளம் நாலடி அகலம், ஒண்ணேகால் இஞ்ச் ஸ்கொயர் பைப்புல அடிச்சது, சுத்தியும் வெல்ட் மெஷ் கம்பி வலை, மேல சிமெண்ட் ஷீட். அடியில தரை கிடையாது, வெறும் மண்ணு தான், கோழி கிளறட்டும்னு விட்டது. பதினாலு சிறுவிடை நாட்டுக்கோழி இருக்கு. இதை நகத்தணும்னா நாலு ஆம்பளைங்க வேணும், அதனால மாசக்கணக்கா ஒரே இடத்துல கிடந்துச்சு.

போன ஐப்பசி மழையில ரத்தக்கழிச்சல் வந்து ஏழு குஞ்சு போயிடுச்சு. கால்நடை டாக்டர் வந்து பாத்துட்டு முதல்ல கேட்டதே கூண்டை எப்ப இடம் மாத்துனீங்கன்னு தான். அந்த நோய்க்கிருமி எச்சத்துல வெளிய வந்து, ஈரமும் சூடும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல தொத்தற நிலைக்கு வந்துரும், அதே மண்ணையே குஞ்சு கொத்துனா எப்படி தப்பிக்கும். எங்க அப்பத்தா காலத்துல பஞ்சாரக் கூடை தான், ஒத்தக்கையில தூக்கி தினம் ஒரு இடத்துல கவுப்பாங்க, இந்த பிரச்சனையே அவங்களுக்கு தெரியாது.

முதல்ல நானே ஹார்டுவேர் கடையில நாலு இஞ்ச் நைலான் கேஸ்டர், அதான் எல்லா பக்கமும் திரும்பற சின்ன சக்கரம், நாலு வாங்கி மாட்டினேன். தயவுசெஞ்சு யாரும் இதை வாங்காதீங்க. சிமெண்ட் தரையில நல்லா ஓடும், மழை பெஞ்ச செம்மண்ணுல அப்படியே புதைஞ்சு நின்னுடுச்சு. அது போக கூண்டு தரையில இருந்து அஞ்சு இஞ்ச் தூக்கிட்டு நிக்குது, கீரி நுழைய அவ்வளவு சந்து போதும், ரெண்டு ராத்திரி சுத்தியும் செங்கல் அடுக்கி வச்சு தூங்கவே இல்ல.

அப்புறம் தான் எங்க ஊர் வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட போனேன். அவர் நேர்ல வந்து கூண்டை ஒரு ஓரமா தூக்கிப் பாத்துட்டு, சக்கரம் இருக்கட்டும் தம்பி முதல்ல எடையைக் குறைன்னார். சிமெண்ட் ஷீட்டைக் கழட்டிட்டு தகர ஷீட் போட்டதுலயே 30 கிலோ கிட்ட குறைஞ்சுது. தகரம் வெயில்ல கொதிக்கும்ல, அதுக்கு மேல தென்னங்கீத்து போட்டு கட்டிட்டோம், உள்ள இப்ப முன்னைவிட குளுமையாவே இருக்கு.

சக்கரம் 16 இஞ்ச், சித்தாளுங்க கல்லு மண்ணு தள்ளற வண்டியில வருமே அது. அதை கூண்டோட கடைசியில மாட்டாம ஒன்றரை அடி உள்ள தள்ளி மாட்டுனார், முன்பக்கம் கைப்பிடி ரெண்டு அடி வெளிய நீட்டுனார். இந்த ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவு நீளமா எழுதறேன். கூண்டு இப்ப சுமாரா 120 கிலோ. சக்கரத்தை பின்பக்க ஓரத்துல மாட்டி கைப்பிடியும் நீட்டாம இருந்தா முன்னாடி நிக்கறவங்க 60 கிலோ தூக்கணும், கைப்பிடியை மட்டும் நீட்டுனா 45, சக்கரத்தையும் உள்ள தள்ளுனா 28 கிலோ தான். ஒரு சின்ன அரிசி மூட்டை அளவு. முழங்கால் வலி இருக்கற எங்கம்மா தனியாளா தள்ளறாங்க, அதைப் பாக்கறப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்துக்கு ஒரு லிவர் வச்சிருக்கார், அதை அழுத்தி, பின்னுங்கற பூட்டுக் கம்பியை சொருகினா சக்கரம் கீழ இறங்கி பின்பக்கம் மூணு இஞ்ச் எழும்பும், பின்னை உருவுனா கூண்டு முழுசா மண்ணுல உக்காந்துரும். கீரி மரநாய்க்கு சந்தே இல்ல. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஜோயல் சலட்டின்னு ஒரு விவசாயி 10க்கு 12 அடி கூண்டை தினமும் புது புல்லுக்கு நகத்துறார், அவர் ஒரு சக்கரத் தள்ளியை கூண்டுக்கு அடியில சொருகி எடுப்பார். நம்ம மேடு பள்ளத்துக்கு கூடவே மாட்டுன சக்கரம் தான் தோதுன்னு எனக்கு தோணுது.

குறை என்னன்னா, ரெண்டு நாள்னு சொன்ன வேலை ஏழு நாள் ஆச்சு. வெல்டிங் அடிச்ச இடத்துல பிரைமர் அடிக்காம கொடுத்துட்டார், ஒரு மாசத்துல துரு ஏறுச்சு, நானே தேச்சு அடிச்சேன். முதல்ல போட்ட 8 எம்எம் பின் வளைஞ்சு போச்சு, சொன்னதும் காசு வாங்காம 12 எம்எம் போட்டுக் கொடுத்தார், அந்த மனசு பெருசு. டியூப் டயர் வாங்குனது எங்க தப்பு, வேலிக்கருவை முள்ளு குத்தி பத்து நாள்ல மூணு பஞ்சர். இப்ப ஃபோம் நிரப்புன பஞ்சராகாத சக்கரம், விலை கூடுதல் தான், ஆனா அதுக்கப்புறம் ஒரு தொல்லையும் இல்ல. பிரேக் கிடையாது, சரிவான இடம்னா பின்னை உருவற வரைக்கும் சக்கரத்துக்கு கல்லு வைங்க.

சக்கரம், ராடு, லிவர், கூலி எல்லாம் சேத்து 6,200 ரூபாய் ஆச்சு, தகரம் தனி. சக்கரம் மாட்டுறவங்க ஒண்ணு மறக்காதீங்க, கோழியை வெளிய விட்டுட்டு கூண்டை தூரமா நகத்திட்டீங்கன்னா பொழுது சாஞ்சதும் அதுங்க பழைய இடத்துலயே போய் உக்காந்துக்கும், எங்க வீட்டுல மொத நாள் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்தோம். காலையில திறக்கறதுக்கு முன்னாடி, கோழி உள்ள இருக்கறப்பவே ஆறடி மட்டும் நகத்துங்க, மெதுவா, பின்பக்க பைப்புல குஞ்சு கால் மாட்டுதான்னு ஒரு ஆள் பாத்துட்டே வரணும்.