ஃபோர்டு விற்றது, டாடாவும் ஜீலியும் கற்றது

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் ஐரோப்பியச் சொகுசுக் கார் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கைகழுவிய காலத்தில், 2008 ஜூனில் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. 2010 ஆகஸ்டில் வால்வோ கார்ஸ் சீனாவின் ஜீலியிடம் போய்ச் சேர்ந்தது. விற்றவர் ஒருவரே, இடைவெளி இரண்டே ஆண்டுகள், வாங்கிய இருவருமே உள்நாட்டில் மலிவு விலைக் கார்களுக்குப் பெயர்பெற்றவர்கள். வெளிநாட்டில் செய்யும் முதலீடு ஒரு வளரும் நாட்டு நிறுவனத்தின் புத்தாக்கத் திறனை எந்த வழியில் உயர்த்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, இதைவிடப் பொருத்தமான ஜோடி அமைவது அரிது.

தொடக்கத்தில் இருவரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். பணத்தைக் கொடுத்தார்கள், நிர்வாகத்தில் அதிகம் தலையிடவில்லை. இங்கிலாந்தின் வால்வர்ஹாம்ப்டனில் 2014-இல் திறக்கப்பட்ட ஜாகுவார் லேண்ட் ரோவரின் எஞ்சின் ஆலையும், அதே ஆண்டு அறிமுகமான வால்வோவின் புதிய எக்ஸ்சி90 காரும் அந்தப் பணத்தால் விளைந்தவை. ஆனால் இவை வாங்கப்பட்ட நிறுவனங்களின் சாதனைகள். வாங்கியவர் கற்றது என்ன என்பதே நம் கேள்வி.

இங்கேதான் ஜீலி வேறு பாதையில் போனது. வால்வோவின் தொழில்நுட்பம் வால்வோவுக்கே உரியது என்பதால், அதை அப்படியே அள்ளிக்கொண்டு போக ஜீலியால் முடியாது. ஆகவே 2013-இல் வால்வோவின் சொந்த ஊரான ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலேயே சிஇவிடி என்ற பொறியியல் மையத்தைத் தன் பெயரில் தொடங்கி, இரு நிறுவனங்களுக்கும் பொதுவான சிறிய கார் பிளாட்ஃபார்ம் (பல மாடல்களுக்கு அடித்தளமாகும் பொது அமைப்பு) ஒன்றை வடிவமைக்கும் பணியை அதற்குக் கொடுத்தது. வால்வோ எக்ஸ்சி40, ஜீலி குழுமத்தின் லிங்க் அண்ட் கோ 01 ஆகிய இரண்டும் 2017-இல் அந்த ஒரே பிளாட்ஃபார்மின் மேல் வெளிவந்தன. பழைய வரைபடங்களைக் கேட்டு வாங்குவதற்கும், வெற்றுத் தாளிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து வரைவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எந்த அளவு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற காரணம் பின்னதில் மட்டுமே கைவரும்.

டாடாவுக்கும் இங்கிலாந்தின் வார்விக்கில் 2005 முதலே ஒரு தொழில்நுட்ப மையம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் லேண்ட் ரோவரின் பிளாட்ஃபார்ம் ஒரு டாடா காருக்குள் வர 2019 ஜனவரியில் ஹேரியர் வெளியாகும்வரை, பதினோராம் ஆண்டுவரை, காத்திருக்க வேண்டியிருந்தது. வந்ததும் ஏற்கெனவே முடிந்துபோன ஒரு வடிவமைப்பு. அதை இந்திய விலைக்குள் அடக்குவதற்காகப் பின்பக்கத்தின் விலையுயர்ந்த மல்டிலிங்க் சஸ்பென்ஷனை (சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு) எடுத்துவிட்டு எளிய ட்விஸ்ட் அமைப்பைப் பொருத்தினார்கள், எஞ்சினோ ஃபியட்டுடையது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. செலவைக் குறைத்தும் தரத்தைக் காப்பதும் ஒரு பொறியியல் திறனே. ஆனால் அது டாடாவிடம் புனேயில் முன்பே இருந்த திறன். அதற்காக 230 கோடி டாலர் செலவிடத் தேவையில்லை.

பெரிய கொள்முதலே இல்லாத மூன்றாவது வழியும் உண்டு. சென்னையின் ராயல் என்ஃபீல்டு, சேசிஸ் (வண்டியின் சட்டகம்) வடிவமைப்பில் தேர்ந்த ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனத்தை 2015-இல் வாங்கி, 2017-இல் லெஸ்டர்ஷயரின் பிரண்டிங்தார்ப்பில் தன் சொந்த மையத்தை அமைத்தது. அந்தப் பொறியாளர்களும் சென்னைக் குழுவும் சேர்ந்து உருவாக்கிய 650 இரட்டை சிலிண்டர் பைக்குகள் 2018-இல் சந்தைக்கு வந்தன. புகழ்பெற்ற பெயர் எதையும் விலைக்கு வாங்காமல், குறைவாக இருந்த திறனை மட்டும் தேடிப் போனதால், செலவுக்குக் கிடைத்த பலன் என்ற கணக்கில் இம்மூன்றில் இதையே நான் முதலில் வைப்பேன். வீச்சில் ஜீலியின் வழி பெரிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

டாடாவும் பின்னர் போக்கை மாற்ற முனைந்தது. அவின்யா மின்சார வாகனங்களுக்காக ஜாகுவார் லேண்ட் ரோவரின் இஎம்ஏ பிளாட்ஃபார்மைப் பயன்படுத்த 2023 நவம்பரில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அந்த பிளாட்ஃபார்மின் மேல் எந்தக் காரும் இன்னும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஹேரியருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.