எங்கள் ஏரியை எதில் பார்ப்பது? டைம்லாப்ஸ், வேர்ல்ட்வியூ, கோப்பர்நிக்கஸ்

ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செயற்கைக்கோள் படம் காட்டினால் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். ஆறாவது நிமிடம் பின்வரிசையில் சலசலப்பு கேட்கும். காஞ்சிபுரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் நான் மல்லுக்கட்டுவது அந்த ஆறாவது நிமிடத்தோடுதான். என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், என் போனின் ஹாட்ஸ்பாட். இதை வைத்துக்கொண்டு மூன்று இலவசத் தளங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்துக்குக் கூகுள் எர்த் டைம்லாப்ஸை அடிக்க ஆளில்லை. 1984 முதல் ஆண்டுக்கு ஒரு படம்; அவ்வளவையும் சினிமா மாதிரி ஓட்டிவிடும். பிரேசிலின் ரொண்டோனியா காட்டுக்குள் முதலில் ஒரு சாலை, அதிலிருந்து கிளைச் சாலைகள், கடைசியில் மீன்முள் மாதிரி மொட்டைத் தரை. மத்திய ஆசியாவின் ஏரல் கடல் கண்முன்னே வற்றுகிறது. “சார், இன்னொரு தடவை” என்று கேட்காத வகுப்பே கிடையாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கி வருவதையும் இதில்தான் நன்றாகப் பார்க்கலாம்.

ஆனால் அடுத்து வரும் கேள்வி, “எங்க ஊர் ஏரி?” அங்கேதான் உதைக்கும். நம் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, சித்திரை, வைகாசியில் கட்டாந்தரையாகிவிடும். டைம்லாப்ஸோ ஒரு வருடத்துப் படங்களில் மேகத்தை நீக்கி, மிச்சத்தைச் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. மழைக்கால ஏரியும் இல்லை, கோடைக்கால ஏரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கலங்கலாக ஏதோ ஒன்று. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்த கோலத்தை மாணவருக்குக் காட்ட இது உதவாது.

நாசாவின் வேர்ல்ட்வியூ நேர் எதிர். தினமும் புதுப்படம் வரும். காலையில் எடுத்ததைப் பெரும்பாலும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வங்கக் கடலில் புயல் சுழலும் வாரத்தில் வேறு எதுவும் தேவையில்லை. அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா பக்கம் நகர்த்தி, தீ காட்டும் அடுக்கைப் போட்டால் வைக்கோல் தாள் எரிக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். புகை கங்கைச் சமவெளியில் பரவுவதும் தெரியும். ஆனால் மோடிஸ் என்னும் நாசா செயற்கைக்கோள் கருவி எடுக்கும் படங்களில் மிக நுணுக்கமானதிலும் ஒரு புள்ளி 250 மீட்டருக்கு 250 மீட்டர். நம் கணக்கில் பதினைந்து ஏக்கர்! ஊர் ஏரி நாலைந்து கட்டமாகச் சுருங்கிப்போகும்.

என் ஓட்டு கோப்பர்நிக்கஸ் பிரவுசருக்கு. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். சுமார் ஐந்து நாளுக்கு ஒரு தடவை, காலை பத்தரை மணி வாக்கில் தலைக்கு மேலே போகும். பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் என்பதில் அவர்களுக்குத் தனி குஷி. ஆரம்பத்தில் இது மூன்றிலும் சிரமமானது. எங்கு பார்த்தாலும் பட்டன், எல்லாம் ஆங்கிலம், போன் திரையில் திணறும். முதல் வகுப்பிலேயே இதைத் திறந்து ஒரு சனிக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன்.

ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். இயல்பு நிறத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பு சேர்ந்த பொய்நிறப் படத்தைப் போட்டோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது சிவப்பாகக் காட்டும். அதில் செடி கொடி சிவப்பு, தண்ணீர் கறுப்பு. ஏரியில் பாதி கறுப்பு, மீதி ரத்தச் சிவப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, “சார், ஏரிக்குள்ள யாரோ பயிர் வச்சிருக்காங்க” என்றாள். ஆக்கிரமிப்பு என்று வகுப்பே கொதித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை மூன்று பேர் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். பயிர் இல்லை, கரை ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. இலை பச்சை ஒளியைவிட அகச்சிவப்பைப் பல மடங்கு அதிகமாகத் திருப்பி அனுப்பும்; நெல்லானாலும் ஆகாயத்தாமரையானாலும் மேலிருந்து சிவப்புதான். சாக்கடை கலக்கும் தண்ணீரில் அது ஏன் இப்படிச் செழிக்கிறது என்பது அடுத்த சனிக்கிழமைக் கதை. டைம்லாப்ஸ் பார்த்துவிட்டு யாரும் சைக்கிளை எடுத்ததில்லை.

மழைக்காலத்தில் சென்டினல்-2 கைவிரித்துவிடும், மேகத்தைத் தாண்டி அதற்குக் கண் தெரியாது. அதே தளத்தில் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. மேகத்தை ஊடுருவும், அசையாத தண்ணீரைக் கறுப்பாகக் காட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை போன்றவற்றுக்கு இதைத் தேடலாம், செயற்கைக்கோள் அந்த நாளில் அந்தப் பக்கம் போயிருந்தால். இஸ்ரோவின் புவன் தளத்தையும் விடக்கூடாது. நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் அங்கே உண்டு, புராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் பத்து நிமிடம் டைம்லாப்ஸ் போட்டுவிட்டு, அடுத்த வாரமே கோப்பர்நிக்கஸுக்கு வந்துவிடலாம். புயல் வந்தால் மட்டும் வேர்ல்ட்வியூ. எங்கள் மன்றத்தில் இப்போது காலண்டரில் ஐந்து நாளுக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். போன வட்டத்தன்று முழுக்க மேகம். அடுத்தது வெள்ளிக்கிழமை.