லேபிள் இல்லாத கேனில் டி-9: மதுரைப் பக்கம் ஃபோம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கப்பலூர், கே.புதூர் பக்கம் பாக்ஸ் ஃபோம் (பெட்டியில் ஊற்றி எழுப்பும் ஃபோம்) போடும் பட்டறைகளுக்கு, டி-9 என்கிற டின் வினையூக்கியான ஸ்டேனஸ் ஆக்டோயேட்டை டிரம்மிலிருந்து பிரித்து, 5 கிலோ கேனில், பேட்ச் எண் இல்லாமல் விற்கிறார்கள். அப்படி வாங்கிய ஒரு கேனில் மூன்று பிளாக் வீணானது. மூன்றும் நன்றாக எழும்பி, உச்சிக்கு வரும் நேரத்தில் உள்ளே பிளந்தன. கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: "வெயில் சார், பாலியால் சூடாகியிருக்கும்." (பாலியால் என்பது ஃபோமின் மூல திரவம்.)

வெயில் என்றால் கிரீம் நேரம், அதாவது கலவை வெளுத்து எழத் தொடங்கும் நேரம், முதலில் குறைந்திருக்க வேண்டும். அது மாறவே இல்லை. தண்ணீரும் டிடிஐயும் (டொலுயீன் டைஐசோசயனேட்) சேர்ந்து வாயு விடுவதை இன்னொரு வினையூக்கியான அமைன் முடுக்குகிறது. பாலியால் டிடிஐயோடு பிணைந்து நுரையின் சுவர் கெட்டியாவதை டின், அதாவது இந்த ஸ்டேனஸ் ஆக்டோயேட், முடுக்குகிறது. வாயு நேரத்துக்கு வந்தும் சுவர் கெட்டிப்படாவிட்டால் பிளவுதான். ஆக, குறை டின்னில்.

ஏமாற்று பெரும்பாலும் கலப்படம். 100 மில்லி அளந்து எடை போடுங்கள்: நல்ல ஸ்டேனஸ் ஆக்டோயேட் சுமார் 125 கிராம் நிற்கும். எண்ணெயோ டிஓபியோ (பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் போன்ற திரவம்) கலந்திருந்தால் எடை இறங்கும். 107 கிராம் அளவில் நின்றால் டி-12, அதாவது டைபியூட்டைல் டின் டைலாரேட் என்ற வேறொரு டின் வினையூக்கி, கைக்கு வந்திருக்கலாம். அதில் பிளாக் அன்றைக்கு ஒழுங்காகவே வரும். போகப்போக ஃபோம் சீக்கிரம் நலிந்துபோகும். பழி உங்கள் பட்டறை மேல்தான் விழும்.

எடை சரியாக இருந்தும் சரக்கு செத்திருக்கலாம். காற்றும் ஈரமும் பட்டால் ஸ்டேனஸ் டின் ஆக்ஸிஜனேற்றமடைந்து வேகம் இழக்கும், எடை காட்டிக்கொடுக்காது. வெளிர் மஞ்சளாய்த் தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ, அடியில் வெள்ளைப் படிவு இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

சந்தேகம் தீரக் கப் சோதனை: 3000 மூலக்கூறு எடை பாலியால் 100 கிராம், தண்ணீர் 4, சிலிகான் 1, 33 சதவீத அமைன் 0.2, டின் 0.2, கடைசியில் டிடிஐ 50 கிராம். எல்லாம் 25 டிகிரியில். பழைய நல்ல சரக்கு ஒரு கப், புதியது ஒரு கப், பக்கத்தில் பக்கத்தில். டிடிஐ ஆவி நுரையீரலைப் பிடிக்கும். காற்றோட்டமும் ஆவி தடுக்கும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள். டின்னைத் தண்ணீரோடு முன்கூட்டியே கலக்கவும் கூடாது, கெட்டுவிடும்.

வீரியம் குறைந்த சரக்கைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிப்பது ரொம்ப ஆபத்து. அளவை மாற்றிப் பழகிய கை, அடுத்த நல்ல கேனிலும் அதையே ஊற்றும். டின் அதிகமாகி நுரையின் செல்கள் (சிற்றறைகள்) திறக்காமல் மூடி, ஆறும்போது பிளாக் சுருங்கிப்போகும்.

ஸ்டேனஸ் டின் (ஆக்ஸிஜனேற்றமடையாத, வேலை செய்யும் டின்) சதவீதம் போட்ட பரிசோதனைச் சான்றைப் பில்லோடு கேளுங்கள். மொத்த டின் 28 சதவீதம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. செத்த சரக்கிலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும்.