பிழைப் பதிவுகளைப் பராமரிக்க: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா, சொந்த பாட் (bot) நிரலா?

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்: நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலேயே பணிகளைத் தானாக ஓட்டும் வசதி. பொதுக் களஞ்சியத்துக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பிடம்) இலவசம், தனி சர்வர் வேண்டாம். விதிகள் யாமல் (YAML) என்ற எளிய உரைக் கோப்பாக நிரலோடேயே இருப்பதால், யார் எதை மாற்றினார்கள் என்பது கமிட் (மாற்றப் பதிவு) வரலாற்றில் தெரிந்துவிடும். ஆனால் களஞ்சியத்தில் 60 நாள் அசைவே இல்லையென்றால், நேரம் குறித்து ஓடும் பணிகள் தானாக நின்றுவிடும். பழைய பதிவுகளைத் தானாக மூடும் ஸ்டேல் ஆக்‌ஷனும் கொஞ்சம் அவசரக்காரன்தான்: அமைப்பை மாற்றாமல் விட்டால், 60 நாள் யாரும் தொடாத பதிவைப் ‘பழையது’ என்று குறித்து, அடுத்த 7 நாளில் மூடிவிடும். உறுதிசெய்த பிழைகளுக்கு விலக்கு லேபிள் கொடுத்தே ஆக வேண்டும்.

சொந்த பாட்: நாமே எழுதி நம் சர்வரில் ஓட்டும் நிரல். களஞ்சியத்தில் ஏதாவது நடந்தால் கிட்ஹப் அனுப்பும் தகவலான வெப்ஹுக் வந்ததும் வேலை நடக்கும், பல களஞ்சியங்களுக்கும் ஒரே பாட் போதும். சரி, அதை யார் பார்த்துக்கொள்வது? சர்வர் படுத்திருந்தபோது தவறிய வெப்ஹுக்குகளைக் கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது.

சிறு குழுவுக்கு ஆக்‌ஷன்ஸே போதும். பாட் எழுதியவர் விலகிவிட்டால், அது கிட்ஹப்பில் நுழையப் பயன்படுத்தும் ரகசியச் சாவியைத் தேடி அலைவது பெரும்பாடு.