ரா கோப்புகளை மீட்பதாகச் சொல்லி 900 வெள்ளி வாங்கிய கடை

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் டேட்டா ரெக்கவரி, அதாவது அழிந்த கோப்புகளை மீட்கும் வேலை செய்யும் ஒரு கடை என்னிடம் 900 வெள்ளி வாங்கிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய ஒன்றைச் செய்து கொடுத்தது. பணத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். என் மெமரி கார்டில் மீட்க வழியிருந்த அசல் படங்களையும் அவர்களே அழித்துவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை.

நான் தொழில்முறைப் படக்காரன் இல்லை. சித்தி மகளின் கல்யாணம் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. குடும்பத்துக்காக ஏறக்குறைய 700 படங்கள் எடுத்தேன், எல்லாம் ரா கோப்புகள், அதாவது கேமரா பதிவு செய்ததைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகள். கேமரா புதியது. ஆனால் மடிக்கணினியில் இருந்த படமாற்று மென்பொருள், அதே நிறுவனத்தின் பழைய கேமராவோடு வந்தது. படங்களைக் கணினிக்கு எடுக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எடுத்தவர் பெயரை எழுதி வைக்கும் வசதி அதில் உண்டு. புதிய கேமராவின் கோப்பு அமைப்பு அந்தப் பழைய மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி நிற்கவும் இல்லை. கோப்பின் தொடக்கப் பகுதியில் எழுதக்கூடாத இடத்தில் எழுதியது. எழுதி முடித்ததும், கணினிக்கு எடுத்த படங்களைக் கார்டிலிருந்து நீக்கியும் விட்டது.

கணினியின் படப் பட்டியலில் எல்லாப் படமும் அழகாகத் தெரிந்தன. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் திறந்தால் சில கோப்புகள் திறக்கவே இல்லை, சில இளஞ்சிவப்புக் கோடுகளாக வந்தன. காரணம் பின்னால்தான் புரிந்தது. ரா கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் கேமரா தானே தயாரித்த ஒரு ஜேபெக் (சுருக்கிச் சேமித்த சாதாரணப் படக் கோப்பு) முன்னோட்டப் படம் ஒட்டியிருக்கும். பட்டியலில் நாம் பார்ப்பது அதைத்தான். உண்மையான படத் தரவும் உள்ளே பழுதில்லாமல்தான் இருந்தது. அதை எங்கிருந்து, எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் பகுதிதான் கெட்டிருந்தது. வீடு அப்படியே இருக்க, கதவு எண்ணை மட்டும் யாரோ மாற்றி எழுதிவிட்ட மாதிரி.

அப்போது இதெல்லாம் தெரியாது. கார்டையும், கெட்ட கோப்புகளின் நகல் இருந்த ஹார்ட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முகப்பில் இருந்த தம்பி நம்ம பையன்தான். கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது சிப் லெவல் வேலைண்ணே. கிளீன் ரூம்ல வச்சுத்தான் செய்யணும்."

பரிசோதனைக்கு 150, மீட்டால் இன்னும் 750 என்று பேச்சு. மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலை முதலில் காட்டுங்கள் என்றேன். பணம் கட்டினால்தான் பட்டியல் என்றார்கள். சித்தி தினமும் போன் போட்டு, "படம் எப்பப்பா கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததால் கட்டிவிட்டேன்.

கிளீன் ரூம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூசி புகாத அந்த அறை, ஹார்ட் டிஸ்கைப் பிரித்து உள்ளே சுழலும் தட்டுகளைத் தொட வேண்டிய வேலைக்குத்தான் தேவை. மெமரி கார்டில் சுழலும் தட்டே கிடையாது. கணினியில் படிக்க முடிகிற கார்டுக்குக் கிளீன் ரூம் என்று யாராவது சொன்னால், கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வேலை முடிந்தது என்று வாட்சாப்பில் சொன்னார்கள். போனால், எல்லாப் படமும் டிஃப் என்ற வேறு வகைப் படக் கோப்புகளாக இருந்தன. ஒவ்வொன்றும் 72 எம்பி. ரா கோப்பே 28 எம்பிதானே, எப்படி இவ்வளவு பெரிதானது என்று கேட்டேன். "முழுத் தரத்துல எடுத்திருக்கோம்ண்ணே" என்று பதில். திரையில் படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குட்டு உடைந்தது எங்கள் பாட்டியின் படங்களால். மண்டபத்து ஜன்னலோரம் பாட்டியை எடுத்தபோது, வெளிச்சத்தைப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்திருந்தேன். அப்படி வைத்தாலும் ரா கோப்பில் வண்ணம் முழுதாகப் பதிவாகும். கேமராவின் திரையிலும், உள்ளே ஒட்டியிருக்கும் ஜேபெக்கிலும் மட்டும்தான் கறுப்பு வெள்ளையாக இருக்கும். கடை கொடுத்த டிஃப்பில் பாட்டியின் அரக்குப் பட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது. ரா கோப்பிலிருந்து மீட்டதாக இருந்தால் அரக்கை வரவழைத்திருக்க முடியும். இதில் வண்ணமே இல்லை.

ஆக, அவர்கள் செய்தது இவ்வளவுதான்: கோப்புக்குள் இருந்த முன்னோட்ட ஜேபெக்கை உருவி எடுத்து, டிஃப்பாக மாற்றி ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தை 8 பிட் டிஃப்பாகச் சுருக்காமல் சேமித்தால், புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 72 எம்பி தானாக வந்துவிடும். உள்ளே தரம் கூடியிருக்காது. என் ரா கோப்பு 14 பிட், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256 தான். மண்டபத்து மஞ்சள் விளக்கைக் குறைக்கப் போனால் முகமெல்லாம் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. முன்னோட்டத்தை உருவ எக்சிஃப்டூல் என்ற இலவச நிரலில் ஒரே ஒரு கட்டளை போதும், முழு கோப்புறைக்கும் சேர்த்து.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அந்த டிஃப் கோப்புகளை அவர்கள் எதில் போட்டுக் கொடுத்தார்கள் தெரியுமா? என் கார்டிலேயே. கார்டிலிருந்து நீக்கிய படம் உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறு எதுவும் மேலே எழுதாதவரை பெரும்பாலும் மீட்டுவிடலாம். மென்பொருள் கைவைக்காத என் அசல் கோப்புகள் அங்கேதான் கிடந்தன. 700 படம், ஒவ்வொன்றும் 72 எம்பி என்றால் ஏறக்குறைய 50 ஜிபி. கார்டு 64 ஜிபி. போட்டோரெக் என்ற இலவச நிரலைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். வந்ததெல்லாம் கடையின் டிஃப் கோப்புகளும், கல்யாணத்துக்கு முன்பு எடுத்த சில பழைய படங்களும். மீட்க வந்த கார்டில் எதையும் எழுதக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெரியாமல் செய்தார்களா, தடயம் இருக்கக்கூடாது என்று செய்தார்களா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம், நிரூபிக்க வழியில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் மச்சான்தான் கடைசியில் கைகொடுத்தார். அதே கேமராவில் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லி, அந்த நல்ல கோப்பையும் கெட்ட கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அழிந்திருந்த பகுதியை நல்ல கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினார், திறந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினார். இந்த மாதிரிப் பழுதுக்கென்றே தனியாட்கள் எழுதி இலவசமாக வெளியிட்ட நிரல்களும் உண்டு. உங்கள் கேமரா மாடல் பெயரோடு தேடிப் பாருங்கள். பாட்டியின் அரக்குப் பட்டு திரும்ப வந்தது. ஆனால் அந்தப் பழைய மென்பொருளில் நான் நட்சத்திரம் போட்டு வைத்த படங்களில் அது இரண்டாம் முறையும் எழுதியிருந்தது. அவை திறக்கவே இல்லை. நட்சத்திரம் போட்டவை என்றால் நன்றாக வந்தவை என்று அர்த்தம். அவற்றுக்குக் கார்டு ஒன்றுதான் வழியாக இருந்தது.

கடையில் போய்க் கேட்டேன். முதலாளி, "படம் வந்திச்சா இல்லையா பாஸ்?" என்றார். கறுப்பு வெள்ளை விஷயத்தைக் காட்டியதும் பாதிப் பணம் தருகிறேன், கூகுளில் கடையைப் பற்றி எழுதியதை நீக்கிவிடுங்கள் என்றார். நான் நீக்கவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். ரசீது, வாட்சாப் உரையாடல், டிஃப் கோப்புகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பணம் கட்டும் முன் ரசீதில் "ரா கோப்பு மீட்பு" என்று எழுதச் சொல்லி வாங்கியது இப்போது உதவுகிறது.

இதே மாதிரி எங்காவது பணம் கட்டி டிஃப் கோப்பு வாங்கியவர்கள், படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி வானம், சுவர் போன்ற வெற்றுப் பரப்பைப் பாருங்கள். எட்டுக்கு எட்டு புள்ளியாகச் சிறு கட்டங்கள் தெரிந்தால் அது ஜேபெக்கிலிருந்து வந்தது. அப்படி இருந்தால் கார்டில் இனி எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டு, ரசீதோடு எனக்கு எழுதுங்கள். மனு எழுதுவதற்கு என்னுடையதையே மாதிரியாக அனுப்பி வைக்கிறேன்.