திரைநேரத்தை அளக்க எது தோது? போன், கணினி, நோட்டு

வீட்டிலிருந்தபடி வீடியோக்களுக்குத் தமிழ் வசன வரி எழுதுவது என் வேலை. பகல் முழுக்கத் திரை முன்னால்தான். அதனால் மொத்தம் எத்தனை மணி நேரம் திரை பார்த்தேன் என்ற கணக்கு எனக்கு உதவுவதே இல்லை. ஒன்பது மணி நேரம் என்று வந்தால் அது நல்ல நாளா, வீணான நாளா? அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. வேலை எங்கே அறுந்தது, எதனால் அறுந்தது என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்யலாம். எந்தக் கருவி அதைக் காட்டுகிறது என்று பார்த்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் போனோடு வருபவை. ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனின் ஸ்கிரீன் டைம் இரண்டும் 2018-ல் வந்தவை. காசு கிடையாது, செட்டிங்ஸுக்குள் போனால் இருக்கும். இரண்டிலும் பெரிய எழுத்தில் தெரிவது மொத்த நேரம். அதை விட்டுவிட்டு மற்ற கணக்குகளைப் பாருங்கள். எத்தனை முறை அன்லாக் செய்தீர்கள், எந்த ஆப் எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பியது என்று ஆண்ட்ராய்டு காட்டும். ஐபோனோ, கையில் எடுத்ததும் முதலில் எந்த ஆப்பைத் திறந்தீர்கள் என்பதையும் சொல்லிவிடும். என் ஆண்ட்ராய்டில் ஒரு நாள் வாட்ஸ்அப் நேரம் 40 நிமிடம்தான். பரவாயில்லை என்று நினைத்தேன். அன்லாக் கணக்கோ 90-ஐத் தாண்டியிருந்தது. அதில் பாதி வேலை நேரத்தில் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது தடவைக்கு மேல் எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டிருக்கிறேன். எனக்கு உறைத்தது அதுதான்.

கட்டுப்படுத்துவது என்று வந்தால் இரண்டும் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்புக்கு வைத்த நேரம் முடிந்தால் அதன் ஐகான் மங்கிவிடும், நள்ளிரவு வரை திறக்காது. ஆனால் செட்டிங்ஸுக்குப் போய் டைமரை எடுத்துவிட அரை நிமிடம் போதும். ஐபோன் அந்த இடத்திலேயே கேட்கும்: இன்னும் ஒரு நிமிடம் வேண்டுமா, 15 நிமிடம் கழித்து நினைவூட்டட்டுமா, இன்று முழுக்க விட்டுவிடட்டுமா என்று. இதுவரை பார்த்தால் ஐபோன்தான் இளகிய மனசு. ஆனால் அதில் ஒரு பாஸ்கோடு போட்டு, நேரம் முடிந்ததும் தடுக்கச் சொல்லலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் என் தம்பி அந்த பாஸ்கோடை என்னையே போடச் சொன்னான். முதல் வாரத்தில் இரண்டு முறை போன் செய்து, "அக்கா, இன்னைக்கு மட்டும் சொல்லுக்கா" என்றான். சொல்லவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. சாவியை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுக்க முடிகிறதே, அந்த ஒன்றுக்காகவே கட்டுப்பாட்டில் ஐபோனுக்குத்தான் என் ஓட்டு.

கணினிக்கு ரெஸ்க்யூடைம், ஆக்டிவிட்டிவாட்ச் இரண்டையும் பார்த்தேன். எந்த ஜன்னல் முன்னால் திறந்திருக்கிறது என்று இரண்டுமே பின்னாலிருந்து குறித்துக்கொள்ளும். ரெஸ்க்யூடைம் ஒவ்வொரு தளத்துக்கும் ஆப்புக்கும் பயனுள்ளது, கவனம் சிதறடிப்பது என்று தரம் பிரித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எக்செல், மின்னஞ்சல் என்று வேலை பார்ப்பவருக்கு இது போதும், அமைப்பதும் சுலபம். எனக்குச் சரிப்படவில்லை. யூடியூபைக் கவனச்சிதறல் பக்கம் வைத்திருந்தது. என் வேலையே அங்கேதான்! மாற்றி வைக்கலாம், மாற்றினேன். ஆனால் வாடிக்கையாளரின் வீடியோவும் யூடியூப், இடையில் நான் பார்க்கும் சமையல் வீடியோவும் யூடியூப். மாற்றிய பிறகு இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

ஆக்டிவிட்டிவாட்ச் இலவசம், திறமூல மென்பொருள்; அதாவது அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டுக்கும் உண்டு. ஜன்னலின் தலைப்பையும் சேர்த்துப் பதிவதால் எது வேலை, எது சமையல் என்று தலைப்பை வைத்துப் பிரிக்க முடிகிறது. மூன்று நிமிடம் கீபோர்டையும் மவுஸையும் தொடாவிட்டால் எழுந்துபோய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். வீடியோவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இதனால் கணக்கில் விடுபட்டது. பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, சத்தம் வரும் டேபையும் வேலையாக எடுத்துக்கொள்ளச் சொன்ன பிறகு சரியாயிற்று. முக்கியமான விஷயம், பதிவுகள் என் கணினியிலேயே இருக்கின்றன. ரெஸ்க்யூடைமில் அவை அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். ஜன்னல் தலைப்பில் வெளிவராத வீடியோக்களின் பெயர் இருக்கும்போது எனக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. குறை என்றால், வகை பிரிக்கும் விதிகளை நாமேதான் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. ஆனாலும் கணினியில் நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

டோகிள் என்ற நேரக் கணக்கு ஆப் வேறு ரகம். வேலை தொடங்கும்போது பட்டனை அழுத்தி, முடிக்கும்போது நிறுத்த வேண்டும். மணிக்கணக்கில் பில் போடுபவர்களுக்கு ஏற்றது. நிறுத்த மறந்தால் சாப்பாட்டு நேரமும் வேலையாகிவிடும்.

இவற்றோடு நாலு ரூல் நோட்டு ஒன்றையும் ஒப்பிட வேண்டும். இரண்டு வாரம் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலையை விட்டுக் கை நகரும்போதெல்லாம் மணியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுவது, அவ்வளவுதான். கைவலி, விட்டுப்போகும், கூட்டிப் பார்க்கவும் முடியாது. ஆனால் காரணம் என்ற பகுதி எந்த ஆப்பிலும் இல்லை. அன்லாக் எண்ணிக்கை தெரிந்தும் ஏன் எடுத்தேன் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. நோட்டில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "சொல் தேட". ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போனை எடுத்திருக்கிறேன், அங்கே காத்திருந்த நோட்டிஃபிகேஷன் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போது அகராதியைக் கணினியிலேயே ஒரு டேபில் திறந்து வைத்திருக்கிறேன். போன் மதியம் வரை சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது.